விற்காதவர் பங்கு



ஆண்டு மலர் என்றால் முன்னால் வாழ்த்துரை, நடுவில் நாலு கவிதை, கடைசியில் சிரிப்புத் துணுக்கு என்றுதான் எல்லாரும் புரட்டுவோம். இந்தப் பக்கத்தில் அந்த மூன்றும் இல்லை. ஒரு கணக்கு இருக்கிறது. "கணக்கா! வகுப்புல பட்டது பத்தாதா?" என்று சிவில்காரர்களும் மெக்கானிக்கல்காரர்களும் தாண்டிப் போய்விட வேண்டாம். இது சிமெண்டில் தொடங்கிக் கிணற்றுக்குப் போகும் கணக்கு. உங்கள் வீட்டுக்கும் வரக்கூடிய கணக்கு.

நான் வணிகப் பயிற்சிப் பட்டயப் படிப்பில் இரண்டாம் ஆண்டு. அப்பா கொத்தனார். அம்மா அதே வேலையில் சித்தாள். எங்கள் குடும்பத்தில் பத்தாவதைத் தாண்டிய முதல் ஆள் நான்தான். அதனாலேயே வீட்டுக்கு எந்தக் காகிதம் வந்தாலும், கரண்டு பில்லோ பேங்க் கடிதமோ, "அம்மிணி வரட்டும், படிச்சுச் சொல்லுவா" என்று எடுத்து வைத்துவிடுவார்கள். உங்களில் பலர் வீட்டிலும் இதே கதைதான் அல்லவா?

அப்பாவுக்கு எழுத்துக் கூட்டித்தான் படிக்க வரும். ஆனால் சிமெண்ட் மூட்டையில் கையை விட்டுப் பார்த்தே பழசா புதுசா என்று சொல்லிவிடுவார். 'சங்கர்', 'கோரமண்டல்' என்ற பேர்கள் எங்கள் வீட்டில் சொந்தக்காரர் பேர் மாதிரி. இரண்டும் இந்தியா சிமெண்ட்ஸ் கம்பெனியின் சரக்கு. 1946-ல் தொடங்கிய கம்பெனி அது. முதல் ஆலை 1949-ல் திருநெல்வேலிப் பக்கம் தாழையூத்தில் ஓட ஆரம்பித்தது. அடுத்தது 1963-ல் நம் கொங்குச் சீமையிலேயே, சேலம் மாவட்டம் சங்ககிரியில். கிரிக்கெட் பார்க்கும் நண்பர்களுக்கு இன்னொரு அடையாளம் சொல்கிறேன். 2008-ல் சென்னை சூப்பர் கிங்ஸ் அணியை ஏலத்தில் எடுத்ததும் இதே கம்பெனிதான். அணி பிறகு தனிக் கம்பெனியாகப் பிரிந்துவிட்டது.

அந்த இந்தியா சிமெண்ட்ஸை 2024 டிசம்பரில் அல்ட்ராடெக் கம்பெனி தன் கைக்குள் கொண்டு வந்தது. வேலைத்தளத்தில் பேசிக்கொண்டதைக் கேட்டுவிட்டு வந்து அப்பா என்னிடம் கேட்டார்:

"ஏனம்மிணி, சங்கர் சிமெண்ட்ட வித்துப்போட்டாங்களாமா?"

"ஆமாங்கப்பா."

"முழுசுமா?"

"முழுசும் இல்லீங்க. நூத்துக்கு அம்பத்தஞ்சுக்குக் கொஞ்சம் மேல."

"அப்ப விக்காதவங்க பங்கு என்னாவும்?"

கணக்கியலில் ஓர் அத்தியாயத்தையே அப்பா ஒரே கேள்வியில் கேட்டுவிட்டார்! தாய்க் கம்பெனி, சேய்க் கம்பெனி கணக்கு பி.காம். படிப்பவர்களுக்கும் சி.ஏ. படிப்பவர்களுக்கும் வரும் பாடம். நமக்கு அவ்வளவு தூரம் இல்லை. ஆனாலும் கேட்டவர் அப்பா ஆயிற்றே! நூலகத்தில் உட்கார்ந்து படித்தேன். படித்ததைத்தான் இங்கே சொல்கிறேன்.

முதலில் வாங்கிய கதை. இந்தியா சிமெண்ட்ஸில் மொத்தம் ஏறத்தாழ 31 கோடிப் பங்குகள். 2024 ஜூனில் அல்ட்ராடெக் 22.77 சதவீதத்தை ஏறத்தாழ 1,900 கோடி ரூபாய்க்கு வாங்கியது. ஏன் 22.77-ல் நின்றது? 'செபி'யின் 2011-ஆம் ஆண்டு விதிப்படி 25 சதவீதத்தைத் தொட்டுவிட்டால் மற்ற பங்குதாரர்களிடமும் "நீங்களும் விற்கிறீர்களா?" என்று குறைந்தது 26 சதவீதப் பங்குகளுக்குப் பொது அழைப்பு விட வேண்டும். வாய்க்கால் கரையைத் தாண்டாமல் கரை மேலேயே நிற்கிற மாதிரி!

ஒரே மாதத்தில் கரையைத் தாண்டவும் முடிவு செய்தார்கள். கம்பெனியை நடத்தி வந்த தரப்பிடமிருந்து 32.72 சதவீதம், பங்கு ஒன்று 390 ரூபாய் வீதம், 3,954 கோடி. இது 2024 டிசம்பர் 24-ஆம் தேதி முடிந்தது. 22.77-ம் 32.72-ம் கூட்டினால் 55.49. நம் கம்பெனிச் சட்டம் 2013-ன்படி ஓட்டுரிமையில் பாதிக்கு மேல் கையில் இருந்தாலோ, டைரக்டர்கள் யார் யார் என்று தீர்மானிக்கும் அதிகாரம் இருந்தாலோ அது துணை நிறுவனம். ஆக, அன்றைக்கு இந்தியா சிமெண்ட்ஸ் அல்ட்ராடெக்கின் சேய்க் கம்பெனி ஆயிற்று. 1998-ல் இதே இந்தியா சிமெண்ட்ஸ் ஆந்திராவின் ராசி சிமெண்ட்டை மல்லுக்கட்டி வாங்கியது. வாங்கிய கை விற்கும் கை ஆனது... காலச்சக்கரம் என்பது இதுதான் போலும்!

மீதி 44.51 சதவீதம் விற்காதவர்களுடையது. அப்பா கேட்டது இவர்களைப் பற்றித்தான்.

இங்கேதான் விஷயம் வேடிக்கையாகிறது. 55 சதவீதம் வாங்கியவர் தன் கணக்கில் எவ்வளவு எழுதிக்கொள்ள வேண்டும்? சங்ககிரி ஆலையில் நூற்றுக்கு 55 பங்கு, சுண்ணாம்புக்கல் சுரங்கத்தில் 55 பங்கு, லாரியில் 55 பங்கு என்றுதானே நமக்குத் தோன்றும்? அப்படி இல்லை! கூட்டுக் கணக்கில் ஆலை முழுசும் வரும், சுரங்கம் முழுசும் வரும், கடனும் முழுசும் வரும். ஏனென்றால் 55 சதவீதம் வைத்திருப்பவர் பாதி ஆலையை மட்டும் ஓட்டுவதில்லை. முழு ஆலையையும் அவர்தான் ஓட்டுகிறார். யார் பிடியில் இருக்கிறதோ அவர் கணக்கில் முழுசும் ஏற வேண்டும் என்பது விதி.

அப்படியானால் விற்காதவர் பங்கை விழுங்கிவிட்டதாக ஆகாதா? ஆகாது. சொத்து எல்லாவற்றையும் ஏற்றிய அதே கையால் மூலதனப் பகுதியில் தனியாக ஒரு வரி எழுத வேண்டும். அந்த வரிக்குப் பெயர் 'நான்-கன்ட்ரோலிங் இன்ட்ரஸ்ட்'. இங்கே இன்ட்ரஸ்ட் என்றால் வட்டியும் அல்ல, ஆர்வமும் அல்ல. நம் ஊர்ப் பத்திரங்களில் 'பாத்தியம்' என்று எழுதுவார்களே, அதுதான். பிடி இல்லாத பாத்தியம்! முடிவு எடுக்க முடியாது, ஆனால் உரிமை உண்டு. வருடா வருடம் வருகிற லாபத்திலும் அவர்கள் பங்கைப் பிரித்துக் காட்ட வேண்டும், நஷ்டம் வந்தாலும் அப்படியே. முன்பெல்லாம் இதை 'மைனாரிட்டி இன்ட்ரஸ்ட்' என்று எழுதிக்கொண்டிருந்தார்கள். எண்ணிக்கையைவிடப் பிடிதான் முக்கியம் என்பதால் பெயரை மாற்றினார்கள்.

அடுத்தது குட்வில். பிளஸ் டூவில் 'நற்பெயர்' என்று படித்தோம். கடைவீதியில் ஒரு டீக்கடை கை மாறினால், பாய்லர் இவ்வளவு, பெஞ்சு இவ்வளவு, பால் கேன் இவ்வளவு என்று கூட்டிய பிறகு, "இத்தனை வருசமா ஓடுற கடைங்க" என்று அதற்கு மேலே ஒரு தொகை கேட்பார்கள் அல்லவா? அதுதான் குட்வில். பெரிய கம்பெனிக்கும் இதே கதைதான், கொஞ்சம் ஒழுங்காக. இந்தியாவில் இதற்கு 'இண்ட்-ஏ.எஸ். 103' என்ற தரவிதி இருக்கிறது. பெரிய கம்பெனிகளுக்கு 2016 ஏப்ரல் முதல் நடைமுறை. சூத்திரம் இதுதான்:

வாங்க இப்போது கொடுத்த விலை
+ விற்காதவர் பங்கின் மதிப்பு
+ ஏற்கனவே கையில் வைத்திருந்த பங்கின் இன்றைய மதிப்பு
– கம்பெனியின் நிகரச் சொத்தின் இன்றைய மதிப்பு
= குட்வில்

மூன்றாவது வரியைக் கவனியுங்கள். அல்ட்ராடெக் ஜூனில் வாங்கிய 22.77 சதவீதத்தை ஜூன் விலைக்கே எழுதினால் தப்பு. பிடி கைக்கு வந்த நாளில், அதாவது டிசம்பர் 24-ல், அதன் மதிப்பு என்னவோ அதைத்தான் போட வேண்டும். படிப்படியாக வாங்குகிற கணக்கில் தேர்வு எழுதுகிறவர்கள் வழுக்கும் படி இதுதான்.

நான்காவது வரியிலும் ஒரு சூட்சுமம். அந்தக் கம்பெனியின் பழைய புத்தகத்தில் இருக்கும் விலையை எடுக்கக் கூடாது. நாற்பது வருடத்துக்கு முன் வாங்கிய நிலம் அந்தக் கால விலைக்கே புத்தகத்தில் தூங்கிக்கொண்டிருக்கும். அதை எழுப்பி இன்றைய நியாய மதிப்புக்குக் கொண்டு வர வேண்டும். புத்தகத்திலேயே இல்லாத சொத்துகளையும் தேடி எழுத வேண்டும். 'சங்கர்' என்ற பேர் இருக்கிறதே, அது தனியாக விற்கக்கூடிய சொத்து. ஆகவே அது குட்வில்லுக்குள் போகாமல், தனி வரியாக வரும். பிரித்து எழுதக்கூடியதையெல்லாம் எழுதிய பிறகு, எதில் சேர்ப்பது என்று தெரியாமல் மிஞ்சி நிற்கிற தொகைதான் குட்வில்.

ஒரு சின்னக் கணக்கு போட்டுவிடலாம். 'அ' கம்பெனி 'ஆ' கம்பெனியில் 75 சதவீதத்தை 90 லட்சத்துக்கு வாங்குகிறது. 'ஆ'வின் நிகரச் சொத்து புத்தகப்படி 80 லட்சம். நிலத்தின் விலையேற்றம் 20 லட்சம். ஆக இன்றைய மதிப்பு 100 லட்சம்.

விற்காதவர் பங்கை மதிப்பிட இரண்டு வழிகளை விதி அனுமதிக்கிறது.

முதல் வழி: நிகரச் சொத்தில் விகிதப்படி. 100-ல் 25 சதவீதம், அதாவது 25 லட்சம். குட்வில் = 90 + 25 – 100 = 15 லட்சம். இது முழுக்க வாங்கியவருடைய குட்வில் மட்டுமே.

இரண்டாம் வழி: அந்தப் பங்கின் நியாய மதிப்பு, அதாவது சந்தையில் அது என்ன விலைக்குப் போகுமோ அது. 28 லட்சம் என்று வைத்துக்கொள்வோம். குட்வில் = 90 + 28 – 100 = 18 லட்சம். கூடிய 3 லட்சம் விற்காதவர்களுடைய குட்வில்.

புத்திசாலி நண்பர் ஒருவர் இங்கே கை தூக்குவார். "75 சதவீதம் 90 லட்சம் என்றால் 25 சதவீதம் 30 லட்சம் ஆச்சே? 28 எப்படி வந்தது?" நல்ல கேள்வி! 90 லட்சம் கொடுத்தவர் வெறும் பங்கை மட்டும் வாங்கவில்லை, பிடியையும் சேர்த்து வாங்கினார். பிடிக்கு ஒரு விலை உண்டு. பிடி இல்லாத பங்கு சந்தையில் கொஞ்சம் குறைந்த விலைக்குத்தான் போகும். இந்த வித்தியாசத்தை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வேண்டும்.

விலை குறைவாகக் கிடைத்து, கணக்கில் குட்வில்லுக்குப் பதிலாக மைனஸ் வந்தால்? சர்வதேச விதியில் அது லாபக் கணக்குக்குப் போகும். நம் நாட்டு விதி அதை லாபமாகக் காட்ட விடாமல் மூலதனக் காப்பு நிதியில் கொண்டுபோய் வைக்கச் சொல்கிறது. மலிவாக வாங்கிவிட்டோம் என்பதற்காகச் சம்பாதித்ததாக மார் தட்டக் கூடாது என்று நான் இதைப் புரிந்துகொண்டேன்.

இன்னொன்று. பிடி வந்த பிறகு மேலும் பங்கு வாங்கினால் புதிதாகக் குட்வில் பிறக்காது. குட்வில் ஒரே நாளில், பிடி கை மாறிய நாளில் மட்டும் பிறக்கும். அதன் பின் வாங்குவதும் விற்பதும் பங்காளிகளுக்குள் நடக்கும் கொடுக்கல் வாங்கல் மாதிரி, மூலதனத்துக்குள்ளேயே தீர்ந்துவிடும். குட்வில்லை வருடா வருடம் தேய்மானம் போடுவதும் இல்லை. ஆண்டுக்கு ஒரு முறையாவது "இந்தத் தொகை இன்னும் தகுமா?" என்று சோதித்துப் பார்த்து, தகாவிட்டால் வெட்டிவிட வேண்டும்.

இவ்வளவும் படித்தபோது ஒரு வரி என்னை நிறுத்தியது. கம்பெனியில் பழகிய தொழிலாளிகள் இருக்கிறார்கள். சூளையின் சூட்டைப் பார்த்தே பக்குவம் சொல்கிறவர்கள். அவர்கள் கைத்திறனைத் தனிச் சொத்தாக எழுதலாமா? கூடாது என்கிறது விதி. தொழிலாளி கம்பெனியின் உடைமை அல்ல, நாளைக்கே வேலையை விட்டுப் போகலாம். ஆகவே அந்தத் திறமையின் மதிப்பு பேரில்லாமல் குட்வில்லுக்குள் போய்க் கரைந்துவிடும். அதுவும் விலைக்கு வாங்கினால்தான். தானே சம்பாதித்த நற்பெயரை யாரும் தன் புத்தகத்தில் எழுதிக்கொள்ள முடியாது. எங்கள் அப்பா கட்டிய சுவர் சாயாது என்று கோபியில் நாலு பேர் சொல்வார்கள். அந்தப் பேருக்கு எந்தப் புத்தகத்திலும் வரி இல்லை. வருத்தமாகத்தான் இருந்தது. ஆனால் மனிதனை விற்கவோ வாங்கவோ முடியாது என்பதால்தான் இந்த விதி என்று யோசித்தபோது வருத்தம் கொஞ்சம் குறைந்தது.

இனி கிணற்றுக்கு வருகிறேன்.

எங்கள் அப்பாருக்கு மேட்டாங்காட்டில் ரெண்டு ஏக்கர் பூமி, நடுவில் ஒரு கிணறு. மூன்று மகன், ஒரு மகள். சாகும் முன்பு நாலு பேருக்கும் அரை அரை ஏக்கரும், கிணற்றில் நாலில் ஒரு பாகமும் உயில் எழுதி வைத்தார். மகளுக்கும் சமமாக எழுதிய மனிதர், படிக்காதவர் என்றாலும் பெரிய மனசுக்காரர். 2022-ல் பெரியப்பாக்கள் இருவரும் அப்பாவும் தங்கள் பங்கை ஒருவருக்கே விற்றார்கள். ஆளுக்கு 15 லட்சம். அப்பா தன் பணத்தில் கடனை அடைத்தார், மீதியில் என் படிப்பு நடக்கிறது. அத்தை மட்டும் விற்கவில்லை.

அதற்குப் பிறகு மோட்டார் எப்போது ஓடும், எந்த வயலுக்கு முதலில் தண்ணீர் என்பதெல்லாம் வாங்கியவர் முடிவு. நாலில் மூன்று அவருடையது ஆயிற்றே. போன தை மாதம் அவர் அத்தையிடம் ஆள் அனுப்பினார். எட்டு லட்சம் தருகிறாராம். "உங்க காட்டுக்குத் தடமும் இல்லை, தண்ணியும் எங்க கையில. வேற யாருங்க வாங்குவாங்க?" என்று கேட்டாராம் வந்தவர். அத்தை மாமாவை இழந்தவர், பிள்ளைகள் திருப்பூரில் பனியன் கம்பெனியில். கையெழுத்துப் போட்டுவிடலாம் என்ற நிலையில்தான் எங்கள் வீட்டுக்கு வந்தார்.

அப்பா என்னைப் பார்த்தார். "அம்மிணி, சிமெண்ட்டுக்குப் போட்டியே ஒரு கணக்கு, அத இதுக்குப் போடு பாக்கலாம்."

ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். வெறும் நிலம் வாங்குவதில் குட்வில் என்று தேர்வில் எழுதினால் மார்க் கிடைக்காது. ஓடுகிற வியாபாரத்தை வாங்கினால்தான் குட்வில். ஆனால் கணக்கின் புத்தி இதற்கும் பொருந்தும். நோட்டை எடுத்து எழுதினேன்.

பக்கத்தில் கிணறு இல்லாத பூமி அரை ஏக்கர் 10 லட்சம் போகிறது. நாலு பங்குக்கு 40 லட்சம். கிணறு, மோட்டார், இலவச மின்சார சர்வீஸ் எல்லாம் சேர்ந்து 8 லட்சம் என்று அப்பாவும் பெரியப்பாவும் மதிப்புச் சொன்னார்கள். மொத்தம் 48 லட்சம். இதில் அத்தையின் நாலில் ஒன்று 12 லட்சம். வாங்கியவர் மூன்று பங்குக்குக் கொடுத்தது 45 லட்சம். 45 + 12 – 48 = 9 லட்சம். இந்த 9 லட்சம் மண்ணுக்கும் இல்லை, கிணற்றுக்கும் இல்லை. தண்ணீரின் பிடிக்காக அவர் மனசார அதிகம் கொடுத்தது!

"அத்தை, பிடிக்கு ஒத்தப் பைசா வேண்டாம்னு விட்டாக்கூட உங்க பங்கு பன்னெண்டு லட்சமுங்க. அண்ணன் தம்பிக வாங்குன விலைன்னா பதினஞ்சு. எட்டுங்கறது எந்தக் கணக்குலயும் வரல" என்றேன்.

மறுபக்கத்தையும் மறைக்கவில்லை. வெளியாள் யாரும் வாங்க வராவிட்டால், பிடி இல்லாத பங்கின் சந்தை விலை 12-க்குக் கீழேயும் போகலாம் என்று சொன்னேன். ஆனால் இந்த ஒருவருக்கு மட்டும் அத்தையின் பங்கு அப்படி இல்லை. அது சேர்ந்தால் கிணறு முழுசும் அவருடையது, கேட்க ஆளே இல்லை. ஆகவே மற்றவருக்கு எப்படியோ, அவருக்கு அது விலை கூடியதுதான்.

பிறகு அத்தை கொண்டு வந்த தகரப் பெட்டியிலிருந்து உயிலை எடுத்துக் கடைசிப் பக்கம் வரை உரக்கப் படித்தேன். அங்கே இருந்தது: நாலு பங்குக்கும் கிணற்றில் நாலில் ஒரு பாகம், மாமூல் வண்டித் தட பாத்தியம். தடம் இல்லை என்று சொன்னது வெறும் வாய்ப்பேச்சு! அத்தை கொஞ்ச நேரம் பேசவில்லை. "எங்கப்பன் தடத்தையும் எழுதித்தான் வெச்சிருக்குறாரு... எனக்குப் படிச்சுச் சொல்லத்தான் ஆளில்லாமப் போச்சு" என்றார். நான் கணக்கு எழுதின தாளைக் கிழித்துக் கேட்டார். மடித்து உயிலோடு பெட்டியில் வைத்துக்கொண்டார்.

அத்தை விற்கவில்லை. முறை வைத்துத் தண்ணீர் விடச் சொல்லி, பாத்தியத்தைக் காட்டிக் கேட்டிருக்கிறார். பேச்சு நடந்துகொண்டிருக்கிறது. முடிவு என்ன ஆனாலும் அது அத்தையின் முடிவு. தனக்கு எவ்வளவு உண்டு என்று தெரிந்து எடுக்கிற முடிவு.

இங்கேதான் சிமெண்டையும் கிணற்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கிறேன். இந்தியா சிமெண்ட்ஸில் சின்னச் சின்னப் பங்கு வைத்திருந்தவர்களுக்கு என்ன நடந்தது? பெரிய பங்குதாரருக்கு டிசம்பரில் கொடுத்த அதே 390 ரூபாய்க்குத்தான் பொது அழைப்பும் வந்தது. விரும்பியவர்கள் விற்றார்கள். அதில் 26 சதவீதம் சேர்ந்து அல்ட்ராடெக்கின் பங்கு 81.49 ஆனது. பொதுமக்கள் கையில் குறைந்தது 25 சதவீதமாவது இருக்க வேண்டும் என்று இன்னொரு விதி. ஆகவே 75-க்கு இறங்குவதற்காக 2025 ஆகஸ்டில் கொஞ்சம் பங்கைச் சந்தையில் விற்றார்கள். விற்காமல் இருந்தவர்களுக்கோ ஆண்டறிக்கையில் தனி வரி. பிடி இல்லாதவனை யாரும் ஏமாற்றிவிடக் கூடாது என்று ஒரு சட்டம், ஒரு வாரியம், ஒரு தரவிதி, ஒரு ஆடிட்டர் என்று எத்தனை காவல்!

எங்கள் மேட்டாங்காட்டுக்கு செபி வராது. கிணற்றில் நாலில் ஒரு பங்குக்காரிக்குப் பொது அழைப்பு கிடையாது, ஆடிட்டர் கிடையாது. அங்கே இருக்கிற ஒரே காவல் எழுதி வைத்த காகிதமும், அதைப் படிக்கத் தெரிந்த ஒரு பிள்ளையும்தான். குடும்பத்தில் முதலாவதாகப் படிக்க வந்த நம்மைப் போன்றவர்களுக்கு டிப்ளமோ வேலை வாங்கித் தருமோ தராதோ, இந்த வேலையை இன்றைக்கே கொடுத்துவிட்டது.

ஆகவே நண்பர்களே, ஒரு வேண்டுகோள். அடுத்த விடுமுறைக்கு ஊருக்குப் போனால் வீட்டிலுள்ள பத்திரங்களை எடுத்து, அம்மாவும் அத்தையும் ஆத்தாவும் கேட்கும்படி முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை உரக்கப் படித்துக் காட்டுங்கள். யாருக்கு எவ்வளவு பாத்தியம் என்று ஒரு தாளில் வரிசையாக எழுதுங்கள். விற்றவர் பேரை எல்லாரும் எழுதுவார்கள். விற்காதவர் பேருக்கும் தனியாக ஒரு வரி விடுங்கள்.